கூட்டாளி விலகும்போது புதிய லாப விகிதம் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மூன்று பேர் சேர்ந்து நடத்தும் வியாபாரத்தில் ஒருவர் விலகிக்கொள்கிறார். மீதி இருவரும் இனி லாபத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? இதற்கு வேண்டியதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குதான். ஆனாலும் 12-ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியல் தேர்விலும் சரி, ஆடிட்டர் அலுவலகத்தில் புது டீட் (கூட்டாண்மை ஒப்பந்தப் பத்திரம்) எழுதும்போதும் சரி, பலர் தடுக்கி விழும் இடம் இது. விலகுகிறவரின் பங்கு யார் கைக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்காமல், நேரே விகிதத்தைத் தேடிப் போவதால் வரும் வினை. அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் புதிய விகிதம், ஆதாய விகிதம் (விலகியவர் பங்கை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்ளும் விகிதம்), நற்பெயருக்கு (தொழில் சம்பாதித்த பெயரின் மதிப்பு, goodwill) யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது வரை எல்லாம் தானாக வந்து நிற்கும்.

முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டி. முருகன், ரஹீம், செல்வி மூவரும் கூட்டாளிகள். பெயர்கள் கணக்குக்காக வைத்தவை. லாப விகிதம் 5:3:2. விலகுகிறவர் ரஹீம்.

முதலில் பழைய டீடை எடுங்கள்

பழைய விகிதம் என்ன என்பதை வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். டீடில் இருப்பதுதான் கணக்கு. டீடே இல்லை, அல்லது டீடில் லாபப் பங்கைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு எல்லோருக்கும் சம பங்கு என்கிறது. ஒருவர் 10 லட்சம் போட்டிருக்கலாம், இன்னொருவர் 1 லட்சம் போட்டிருக்கலாம், அப்போதும் சமம்தான். 'முதல் போட்ட அளவுக்கு லாபம்' என்பது வியாபாரிகள் பலர் மனதில் ஊறிப்போன எண்ணம். ஒப்பந்தத்தில் எழுதினால்தான் அது செல்லும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இருப்பதே இரண்டு கூட்டாளிகள், அதில் ஒருவர் போகிறார் என்றால் புதிய விகிதம் என்ற கேள்வியே கிடையாது. கூட்டாண்மைக்குக் குறைந்தது இருவர் வேண்டும். மிஞ்சியவர் தனி வணிகர்; லாபம் முழுக்க அவருக்கு.

விகிதத்தைப் பின்னமாக்குங்கள்

5:3:2 என்பதைக் கூட்டினால் 10. ஆக முருகன் 5/10, ரஹீம் 3/10, செல்வி 2/10. இதை 1/2, 3/10, 1/5 என்று சுருக்கத் தோன்றும். சுருக்காதீர்கள். பகுதி ஒன்றாக இருக்கும் வரைதான் கூட்டுவதும் கழிப்பதும் சுலபம். சுருக்குவதைக் கடைசி வரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில கணக்குகளில் பங்கைப் பின்னமாகவே கொடுத்திருப்பார்கள்: 1/2, 1/3, 1/6. இதில் 1/3 பங்குக்காரர் விலகினால் மிஞ்சுவது 1/2-உம் 1/6-உம். உடனே 2:6 என்று எழுதிவிடும் பிள்ளைகள் ஏராளம். பகுதியை விகிதமாக எடுத்துவிடுகிறார்கள். பொதுப்பகுதி 6-க்குக் கொண்டுவந்தால் 3/6, 1/6. விகிதம் 3:1. பெரிய பங்குக்காரருக்குச் சிறிய எண் வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரஹீமின் 3/10 யாருக்கு?

இங்கேதான் நிதானம் வேண்டும். ரஹீம் விட்டுவிட்டுப் போகும் 3/10 காற்றில் கரையாது. முருகனும் செல்வியும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ளும் பங்குதான் ஆதாயம். பழைய பங்கோடு ஆதாயத்தைக் கூட்டினால் புதிய பங்கு. புதிய பங்கிலிருந்து பழையதைக் கழித்தால் ஆதாயம். சூத்திரம் இந்த ஒன்றுதான். கணக்கில் எது கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதை வைத்து மற்றதைக் கண்டுபிடிக்கிறோம்.

எதுவுமே சொல்லவில்லை என்றால் மிஞ்சியவர்கள் தங்கள் பழைய விகிதத்திலேயே எடுத்துக்கொண்டதாகக் கொள்ள வேண்டும். 5:3:2-இல் 3-ஐ அடித்துவிட்டால் 5:2. அதுதான் புதிய விகிதம், அதுவே ஆதாய விகிதமும். அடித்தால் போதும் என்பது எப்படிச் சரியாகிறது என்று ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. முருகன் எடுப்பது 3/10 × 5/7 = 15/70. பழைய பங்கு 35/70. மொத்தம் 50/70. செல்வி எடுப்பது 3/10 × 2/7 = 6/70. பழையது 14/70. மொத்தம் 20/70. 50:20 என்றால் 5:2. இந்தக் குறுக்குவழி இந்த ஒரு நிலைக்கு மட்டும்தான். எல்லாக் கணக்கிலும் விலகியவரின் எண்ணை அடித்துவிட்டு நடையைக் கட்டுகிறவர்கள் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

"பாய், உங்க பங்கை நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி எடுத்துக்கறோமுங்க" என்று முருகன் சொன்னால் நிலைமை வேறு. ஆளுக்கு 3/10 × 1/2 = 3/20. முருகன் 10/20 + 3/20 = 13/20. செல்வி 4/20 + 3/20 = 7/20. புதிய விகிதம் 13:7. ஆதாய விகிதம் 1:1. புதிய விகிதமும் ஆதாய விகிதமும் வெவ்வேறு என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

1:2 விகிதத்தில் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் முருகனுக்கு 1/10, செல்விக்கு 2/10. புதிய பங்கு 6/10, 4/10; அதாவது 3:2. மண்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு செல்வி பக்கம் கூடினால் இப்படி நடப்பதுண்டு. பின்னால் நற்பெயருக்கும் இந்த 3:2-ஐயே எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

முருகன் ஒருவரே முழுப் பங்கையும் எடுத்துக்கொண்டால் 8/10, 2/10, விகிதம் 4:1. செல்விக்கு ஆதாயம் ஏதுமில்லை. ஆகவே நற்பெயருக்காக அவர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

'பங்கில் 1/5' வேறு, '1/5 பங்கு' வேறு

தேர்வில் மதிப்பெண் போவதும், டீடில் சண்டை வருவதும் பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தால்தான். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

'ரஹீமிடமிருந்து முருகன் 1/5 பங்கைப் பெறுகிறார், மீதியைச் செல்வி பெறுகிறார்.' இங்கே 1/5 என்பது மொத்த லாபத்தில் 1/5, அதாவது 2/10. அப்படியே கூட்ட வேண்டும். முருகன் 7/10. மீதி 1/10 செல்விக்குப் போவதால் அவர் 3/10. விகிதம் 7:3.

'ரஹீமின் பங்கில் 1/5-ஐ முருகன் பெறுகிறார், மீதியைச் செல்வி பெறுகிறார்.' இங்கே 3/10-இல் 1/5, பெருக்க வேண்டும். 3/50. முருகன் 25/50 + 3/50 = 28/50. செல்விக்கு மீதி 12/50, அவர் பழைய பங்கு 10/50, மொத்தம் 22/50. விகிதம் 14:11.

ஒன்றில் முருகனுக்கு 70 சதவீதம், மற்றதில் 56. மண்டி ஆண்டுக்கு 3 லட்சம் லாபம் பார்த்தால் வித்தியாசம் ஆண்டுக்கு 42,000 ரூபாய். 'இல்' என்ற உருபு வந்தால் பெருக்கு, வராவிட்டால் கூட்டு என்று மனதில் பதித்துக்கொண்டால் பெரும்பாலான கணக்குகளில் வழி தவறாது. டீட் எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இறுதிப் பங்கையே எழுதிவிடுவது உத்தமம்.

எப்படிப் போட்டாலும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. புதிய பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். ஆதாயங்களைக் கூட்டினால் விலகியவரின் பங்கு வர வேண்டும். மேலே 3/50 + 12/50 = 15/50; அது 3/10. சரி.

புதிய விகிதத்தைக் கொடுத்துவிட்டு ஆதாயம் கேட்டால்

முருகனும் செல்வியும் இனி சமமாகப் பிரித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று வையுங்கள். முருகன் 5/10 – 5/10 = 0. செல்வி 5/10 – 2/10 = 3/10. ரஹீமின் பங்கு முழுக்கச் செல்விக்கே போயிருக்கிறது. 'சமம்' என்றதும் ஆதாயமும் சமம் என்று நினைப்பது இயல்பு. கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னும் சிக்கலான ஒன்று: புதிய விகிதம் 2:3. முருகன் 4/10 – 5/10 = –1/10. கழித்தல் குறி வந்ததும் பயந்து அடித்துத் திருத்தாதீர்கள். முருகனும் தன் பங்கில் 1/10-ஐ விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். அது தியாகம். செல்வியின் ஆதாயம் 6/10 – 2/10 = 4/10. அதில் 3/10 ரஹீமிடமிருந்தும் 1/10 முருகனிடமிருந்தும் வந்தது. ஆகவே செல்வி இருவருக்கும் ஈடு கொடுக்க வேண்டும். வயதான முதல் கூட்டாளி கொஞ்சம் ஒதுங்கி, இளையவரிடம் பொறுப்பை விடும்போது இந்த நிலை வரும்.

நற்பெயர்: ஆதாயம் பெற்றவர் கொடுக்க வேண்டும்

விகிதத்தை இவ்வளவு கவனமாகப் போடுவதற்குக் காரணமே பணம் கைமாறுவதுதான். கூட்டாண்மைச் சட்டத்தின் 14-வது பிரிவு நற்பெயரையும் நிறுவனத்தின் சொத்தாகவே சொல்கிறது. ரஹீம் இத்தனை ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயரால் இனி வரும் லாபத்தை முருகனும் செல்வியும் அனுபவிக்கப் போகிறார்கள். அதற்கான விலையை அவர்கள்தான் தர வேண்டும், அதுவும் ஆதாய விகிதத்தில்.

மண்டியின் கடந்த 3 ஆண்டு லாபம் 2,40,000, 3,00,000, 3,60,000 என்று வைப்போம். சராசரி 3,00,000. டீடில் சராசரி லாபத்தின் 2 ஆண்டுக் கொள்முதல் (அதாவது சராசரியைப் போல் 2 மடங்கு) என்று இருந்தால் நற்பெயர் 6,00,000. ரஹீமின் பங்கு 3/10, அதாவது 1,80,000. புதிய விகிதம் 3:2, ஆதாய விகிதம் 1:2 என்று முன்பு பார்த்தோமே, அதன்படி முருகன் 60,000, செல்வி 1,20,000. குறிப்பேட்டில் முருகன் முதல் கணக்கில் (அவரது மூலதனக் கணக்கில்) 60,000 பற்று (அதாவது குறையும்), செல்வி முதல் கணக்கில் 1,20,000 பற்று, ரஹீம் முதல் கணக்கில் 1,80,000 வரவு (அதாவது கூடும்).

கவனியுங்கள்: 1,80,000-ஐ 3:2-இல் பிரித்திருந்தால் முருகன் 1,08,000 கொடுக்க நேர்ந்திருக்கும். 48,000 ரூபாய் தண்டம்.

முன்பு சொன்ன 2:3 நிலையில் செல்வி ஒருவரே 6,00,000 × 4/10 = 2,40,000 பற்று. ரஹீமுக்கு 1,80,000, முருகனுக்கு 60,000 வரவு.

நற்பெயருக்குத் தனிக் கணக்கு திறந்து இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் அப்படிக் காட்டலாம் என்கிறது கணக்கியல் தரநிலை 26. உள்ளேயே உருவானதைக் காட்டக்கூடாது. அதனால்தான் முதல் கணக்குகளுக்குள்ளேயே சரிக்கட்டுகிறோம். ஏட்டில் ஏற்கெனவே பழைய நற்பெயர் கிடந்தால், மூவரும் பழைய விகிதத்தில் அதை முதலில் போக்கெழுத (ஏட்டிலிருந்து நீக்க) வேண்டும்.

எந்த இடத்தில் எந்த விகிதம்

ரஹீம் இருந்த காலத்தில் சேர்ந்ததெல்லாம் பழைய விகிதத்தில், மூவருக்கும். பொதுக்காப்பு (லாபத்திலிருந்து ஒதுக்கி வைத்த தொகை), பகிர்ந்து தரா லாபம், சொத்து பொறுப்புகளை மறுமதிப்பீடு செய்ததில் வந்த லாப நட்டம் எல்லாம் இதில் அடக்கம். நற்பெயர்ச் சரிக்கட்டல் மட்டும் ஆதாய விகிதத்தில். ரஹீம் போன பிறகு வரும் லாபமும், மூலதனத்தைப் புது அளவுக்குக் கொண்டுவருவதும் புதிய விகிதத்தில்.

ரஹீமுக்குச் சேர வேண்டியதைப் போடுவோம். அவர் முதல் கணக்கில் 4,00,000. பொதுக்காப்பு 1,00,000-இல் 3/10, 30,000. மறுமதிப்பீட்டு லாபம் 50,000-இல் 15,000. நற்பெயர் 1,80,000. மொத்தம் 6,25,000.

இதே சரிக்கட்டல்கள் எல்லாம் முடிந்தபின் முருகன் முதல் கணக்கில் 5,60,000-உம் செல்வி கணக்கில் 3,40,000-உம் நிற்கின்றன என்று கொள்ளுங்கள். கூட்டினால் 9,00,000. மூலதனமும் 3:2-இல் இருக்கட்டும் என்று முடிவு செய்தால் முருகனுக்கு 5,40,000, செல்விக்கு 3,60,000. முருகன் 20,000 எடுத்துக்கொள்ள, செல்வி 20,000 கொண்டுவர வேண்டும். இது கட்டாயம் இல்லை. கூட்டாளிகள் விரும்பினால் செய்வது.

ஆண்டின் நடுவில் போனால்

மார்ச் 31-இல் விலகினால் இந்தத் தொல்லை இல்லை. செப்டம்பர் 30-இல் போனால், ஏப்ரல் முதல் அன்று வரை வந்த லாபத்தில் ரஹீமுக்குப் பழைய விகிதப்படி பங்கு உண்டு. அதைக் கால அளவில் போடலாம், விற்பனை அளவிலும் போடலாம். சென்ற ஆண்டு லாபம் 3,60,000 என்பதால் கால அளவில் 6 மாதத்துக்கு 1,80,000, ரஹீமுக்கு 54,000. விற்பனை அளவில் பார்த்தால், சென்ற ஆண்டு விற்பனை 1,20,00,000, லாபம் அதில் 3 சதவீதம். இந்த ஆண்டு 6 மாத விற்பனை 80,00,000 என்றால் லாபம் 2,40,000, ரஹீமுக்கு 72,000.

மஞ்சள் மாதிரி பருவச் சரக்குக்குக் கால அளவு பொருந்தவே பொருந்தாது என்பது என் கருத்து. மாசியிலிருந்து புது மஞ்சள் வரத்து தொடங்கி கோடையில்தான் மண்டி களைகட்டும். அந்தப் பரபரப்பான மாதங்களை உழைத்துக் கடந்துவிட்டு விலகுகிறவருக்கு, ஆண்டை இரண்டாக வெட்டிப் பாதி கொடுப்பது நியாயமில்லை. விற்பனை அளவே போடுங்கள்.

விலகும் அன்றே மகன் உள்ளே வந்தால்

ரஹீமின் மகன் 1/5 பங்குக்குச் சேர்கிறார். மீதியை முருகனும் செல்வியும் பழையபடி 5:2-இல் வைத்துக்கொள்கிறார்கள். மகனுக்கு 7/35 போக மீதி 28/35. முருகன் 20/35, செல்வி 8/35. விகிதம் 20:8:7. ஆதாயம் பார்க்கப் பகுதியை 70 ஆக்குங்கள்: முருகன் 40 – 35 = 5, செல்வி 16 – 14 = 2, மகன் 14. கூட்டினால் 21, 21/70 என்பது 3/10. அப்பா விட்டது மூன்று பேருக்கும் போய்விட்டது. 'அப்பன் பங்கு மகனுக்கு' என்று பேசிக்கொண்டாலும் கணக்கில் மகனுக்கு வந்தது 21-இல் 14 மட்டுமே. மகனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் முழுக் கூட்டாளியாகச் சேர்க்க முடியாது. எல்லோரும் சம்மதித்தால் லாபப் பலன்களுக்கு மட்டும் சேர்க்கலாம்.

பணத்தை இழுத்தடித்தால் என்ன ஆகும்

விகிதம் போட்டு, 6,25,000 என்று எழுதியும் வைத்தாகிவிட்டது. பணம் மட்டும் ரஹீம் கைக்கு வரவில்லை. தீர்க்காமல் அந்தச் சொத்தை வைத்தே வியாபாரம் நடந்தால், 37-வது பிரிவு விலகியவருக்கு இரண்டு வழி தருகிறது. தன் தொகையைப் பயன்படுத்தியதால் வந்த லாபத்தில் பங்கு, அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. டீடில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும்.

6 மாதம் தாமதம், அந்தக் காலத்தில் மண்டியின் லாபம் 1,22,000 என்று வைப்போம். வட்டி என்றால் 18,750. லாபம் என்றால், வழக்கமாகப் போடும் முறைப்படி, மூலதன அளவில்: மொத்தம் 9,00,000 + 6,25,000 = 15,25,000; 1,22,000 × 6,25,000 / 15,25,000 = 50,000. ரஹீம் லாபத்தைத்தான் கேட்பார். மண்டி நட்டத்தில் ஓடியிருந்தால் வட்டியைக் கேட்பார். மிஞ்சிய இருவருக்கும் இதில் சாதகமான பக்கமே இல்லை. கையில் பணம் இல்லாவிட்டால் தவணையும் வட்டியும் பேசி, விலகும் ஆவணத்திலேயே எழுதிக்கொள்வதுதான் அவர்களுக்கு வழி.

காகித வேலைகள்

விலகலைப் பொது அறிவிப்பாகக் கொடுக்காத வரை, விலகியவரும் நிறுவனமும் வெளியாருக்கு முன்புபோலவே பொறுப்பு என்கிறது 32-வது பிரிவு. பதிவு பெற்ற நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் ஒரு விளம்பரம், அந்தப் பகுதியில் ஓடும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றில் ஒரு விளம்பரம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கூட்டாளி மாறியதை 15 நாளுக்குள் திருத்த வேண்டும். வங்கியில் ஓவர்டிராஃப்டுக்கு ரஹீம் சொந்த ஜாமீன் போட்டிருந்தால், வங்கி எழுத்துமூலம் விடுவிக்கும் வரை அது அவர் தலையில்தான்.

புது டீடில் விகிதத்தை எழுதும்போது சதவீதத்தில் எழுதும் பழக்கம் அதிகம். 13:7 என்றால் 65, 35 என்று அழகாக வரும். 3:2 என்றால் 60, 40. ஆனால் 5:2 என்றால் 71.43, 28.57; 20:8:7 இன்னும் மோசம், 57.14, 22.86, 20. இப்படி முறித்து எழுதிய எண்களை ஆண்டுக்கு ஆண்டு பெருக்கினால் சில்லறை இடிக்கும். அடுத்த முறை ஒருவர் விலகும்போது அந்தப் புள்ளி எண்களை வைத்துக்கொண்டு ஆதாயம் போட வேண்டியிருக்கும். 5/7, 2/7 என்று பின்னமாகவே எழுதி, பக்கத்தில் எழுத்தால் 'ஏழில் ஐந்து, ஏழில் இரண்டு' என்றும் சேர்த்துவிடுங்கள்.